சிம்லா பீட் 70/71: சைக்கடெலிக் இல்லைங்க, டான்ஸ் பேண்டு

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே போக வழியில்லை. ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆல்பத்தை எடுத்து, நடுவில் நிறுத்தாமல் முழுசாகக் கேட்டேன். பிறகு இன்னும் இரண்டு தடவை. மூன்றாவது தடவை தனியாகக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இருக்கும், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். இந்தப் பதிவில் நான் சொல்லப்போவதில் பாதி அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து வந்ததுதான்.

ஆல்பத்தின் பெயர் 'சிம்லா பீட் 70/71'.

முதலில், இது என்ன?

சிம்லா என்று ஒரு சிகரெட் இருந்தது. தயாரித்தது இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி, அதாவது இன்றைய ஐ.டி.சி. அறுபதுகளின் கடைசியில் அந்த சிகரெட்டை இளவட்டங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி, அகில இந்திய அளவில் ஒரு பீட் குழுப் போட்டி. கிடார், பேஸ், டிரம்ஸ் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பாட்டு வாசிக்கும் கல்லூரிப் பையன்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து மோதினார்கள். 1970-க்கு ஒரு எல்.பி., 1971-க்கு ஒரு எல்.பி. என்று இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. சென்னையிலிருந்து தி கன்ஃப்யூஷன்ஸ், ஷில்லாங்கிலிருந்து தி ஃபென்டோன்ஸ், கல்கத்தாவிலிருந்து கிரேட் பேர், பம்பாயிலிருந்து வெல்வெட் ஃபாக் என்று நாட்டின் நாலு மூலையும் அதில் இருக்கிறது.

அதன் பிறகு முப்பது வருஷம் கப்சிப். 2000 வாக்கில் ஜெர்மனியைச் சேர்ந்த கியூ.டி.கே. மீடியா 'ஆசிய சைக்கடெலிக் இசை' என்று ஒரு தொகுப்புப் போட்டது. துருக்கி, கொரியா, ஜப்பான், ஹாங்காங் குழுக்களோடு ஃபென்டோன்ஸும் நம்ம கன்ஃப்யூஷன்ஸும் அதில் இடம் பிடித்தார்கள். இரண்டு சிம்லா எல்.பி.களும் சேர்ந்து மறுவெளியீடாக வந்து, உலகம் முழுக்க இருக்கும் இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் வாயில் அடிபட ஆரம்பித்தது இதையொட்டித்தான். சித்தார்த் பாட்டியா 2014-ல் எழுதிய 'இந்தியா சைக்கடெலிக்' புத்தகம் வந்த பிறகு இந்தப் பசங்களின் கதை நம் ஊரிலும் கொஞ்சம் பேருக்குத் தெரிய வந்தது.

கவனித்தீர்களா, எங்கே பார்த்தாலும் அதே வார்த்தை: சைக்கடெலிக். எனக்கு அந்த ஒட்டுச்சீட்டின் மேல்தான் சண்டை.

அங்கிளின் தீர்ப்பு

மூன்றாவது தடவை கேட்டபோது பெரியவரிடம் சொன்னேன், "அங்கிள், இதை வெளிநாட்டுல சைக்கடெலிக்னு சொல்லி விக்கிறாங்க."

அவர் சிரித்தார். "சைக்கடெலிக்கா? காலையில ஆறு மணி ஷிப்டுக்குப் போகணும் மேன், அதுக்கு எங்க நேரம்? சனிக்கிழமை நைட் இன்ஸ்டிட்யூட்ல நாலு மணி நேரம் வாசிப்போம். ஃப்ளோர்ல ஆள் ஆடுனா நல்ல பேண்டு. ஆடலைன்னா அடுத்த மாசம் கூப்பிட மாட்டான்."

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். போத்தனூரில் ரயில் 1862-லேயே வந்துவிட்டது. கோயம்புத்தூர் டவுனுக்கு ரயில் வந்ததே 1873-ல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் போன கிளைப் பாதையில்தான். அதனால் இங்கே பெரிய ரயில்வே காலனி, அதில் நிறைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். ரயில்வே காலனி இருந்தால் இன்ஸ்டிட்யூட் இருக்கும். இன்ஸ்டிட்யூட் இருந்தால் கிறிஸ்துமஸுக்கும் நியூ இயருக்கும் டான்ஸ் இருக்கும். டான்ஸ் இருந்தால் பேண்டு வேண்டும். அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை எல்லா இடத்திலும் இதே கணக்குத்தான்.

இந்தத் தொடர்பு ஒருவழிப் பாதையும் அல்ல. பீட்டில்ஸின் பழைய டிரம்மர் பீட் பெஸ்ட், 1962 ஆகஸ்டில் ரிங்கோ ஸ்டாருக்காக வெளியேற்றப்பட்டாரே, அவர் பிறந்தது 1941-ல் மெட்ராஸில். கிளிஃப் ரிச்சர்ட் பிறந்தது 1940-ல் லக்னோவில். பிரிட்டிஷ் பீட் இசை என்று நாம் சொல்வதில் நம் ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

அங்கிள் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைத் திரும்பக் கேட்டால், எல்லாம் இடம் மாறிவிடுகிறது. மருந்து அடித்துவிட்டு வேறு உலகத்துக்குப் போன ஆட்கள் யாரும் எனக்கு இதில் கேட்கவில்லை. மேடையில் ஏறி, ஒரு ஜூரியையும் ஒரு கூட்டத்தையும் சில நிமிஷத்தில் மடக்க வேண்டிய டான்ஸ் பேண்டுகள் கேட்கின்றன. இசைத்தட்டின் பெயரிலேயே 'பீட்' என்று இருக்கிறது. இன்றைக்கும் நம் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் "ரெண்டு மெலடி, ஒரு பீட் சாங்" என்றுதான் லிஸ்ட் போடுவார்கள். அந்த 'பீட்' தான் இது.

பாட்டுத் தேர்வு சொல்லும் கதை

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை என்று காட்ட இரண்டு சான்று தருகிறேன்.

முதல் சான்று, அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டுகள். 1970 தட்டில் தி டைனோசார்ஸ் என்ற குழு 'சினிஸ்டர் பர்ப்பஸ்' வாசிக்கிறது. இது அமெரிக்காவின் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969 ஆகஸ்டில் வெளியிட்ட 'கிரீன் ரிவர்' ஆல்பத்தில் உள்ளது. தி ஜெனுயின் ஸ்பேர்ஸ் என்ற குழு 'ப்ராப்பர் ஸ்ட்ரேஞ்சர்' வாசிக்கிறது. இது கனடாவின் தி கெஸ் ஹூ 1970 ஜனவரியில் வெளியிட்ட 'அமெரிக்கன் வுமன்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் பாட்டு.

தேதிகளைப் பாருங்கள். இன்டர்நெட் கிடையாது. வெளிநாட்டு இசைத்தட்டு இங்கே கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படியிருந்தும் ஒரு வருஷத்துக்குள், சில சமயம் சில மாசத்துக்குள், பாட்டு கைக்கு வந்து, கார்டு பிடித்து, போட்டிக்கே கொண்டுபோய்விட்டார்கள். அதைவிட முக்கியம்: இரண்டுமே அந்த ஆல்பங்களின் பெரிய ஹிட் பாட்டுகள் அல்ல. சிற்றலை ரேடியோவில் இலங்கை வானொலி போட்ட ஹிட்டைக் கேட்டு மட்டும் இதைச் செய்ய முடியாது. முழு எல்.பி. கையில் இருந்திருக்க வேண்டும். ஊசி தேயத் தேயக் கேட்டிருக்க வேண்டும். பிறகு 'எல்லாரும் வாசிக்கிற பாட்டை நாம எதுக்கு வாசிக்கணும், யாருக்கும் தெரியாத பாட்டா எடுப்போம்' என்று யோசித்திருக்க வேண்டும். போட்டிக்குப் போகிறவனின் புத்தி அது. நம்ம இன்ஜினியரிங் காலேஜ் கல்ச்சுரல்ஸ் லைட் மியூசிக் போட்டிக்குப் பாட்டு எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

'ப்ராப்பர் ஸ்ட்ரேஞ்சர்' ஓடும்போதுதான் அங்கிளின் வலது கால் தானாகத் தாளம் போட்டது. அது அவருக்கே தெரியவில்லை.

பாட்டு 1970, சத்தம் 1965

இரண்டாவது சான்று, சத்தம். பாட்டுகள் 1969, 1970-ஐச் சேர்ந்தவை. ஆனால் கேட்கும்போது நாலைந்து வருஷம் பின்னால் போன மாதிரி இருக்கிறது. கிடார் கரகரக்கிறது, குரல் வாத்தியங்களுக்குள் புதைந்து கிடக்கிறது, டிரம்ஸ் பக்கத்து ரூமில் அடிக்கிற மாதிரி கேட்கிறது. "டிரம்மரை வெளியில நிக்கவெச்சு ரெக்கார்ட் பண்ணிட்டானா?" என்று அங்கிளே கேட்டார்.

சைக்கடெலிக் என்று விற்பவர்களுக்கு இந்தக் கரகரப்புத்தான் பெரிய சொத்து. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பி.இ. படித்ததற்கு இதற்காவது பயன்படட்டும்.

ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு அதன் மின்சப்ளை கொடுக்கும் வோல்டேஜுக்கு மேல் போக முடியாது. உள்ளே வரும் சிக்னலைப் பெரிசாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அலையின் தலையும் காலும் கத்தியால் சீவின மாதிரி தட்டையாகிவிடும். வளைவாக இருந்த அலை கிட்டத்தட்டச் சதுரமாகும். சதுரமாகும்போது மூல சுருதியின் மேல் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வெண்கள் புதுசாகச் சேரும். நம் காதுக்கு அது கரகரவென்று, கொஞ்சம் ஷெனாய் மாதிரி கேட்கும். இந்தச் சீவலை வேண்டுமென்றே செய்வதற்கு வந்த பெட்டிதான் ஃபஸ். 1962-ல் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ கம்பெனி அதை விற்க ஆரம்பித்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அதை வைத்து உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தார்கள்.

நம் ஊரில்? இறக்குமதி லைசன்ஸ் காலம். வெளிநாட்டு கிடார் ஆம்ப் வாங்குவது சாமானியனுக்கு நடக்கிற காரியமில்லை. அங்கிளின் பேண்டு வாசித்தது கல்யாண வீட்டுக்கு மைக் செட் போடுகிறவரிடம் வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபயரில். பேச்சுக்கும் நாகஸ்வரத்துக்கும் வடிவமைத்த பெட்டியில் கிடாரைச் சொருகினால் அது தானாகவே சீவித் தள்ளும். "நாங்க கிளீனா வரணும்னுதான் பாத்தோம் மேன், வரலை" என்றார். ஒரு ரேடியோ மெக்கானிக் உள்ளே ஏதோ மாற்றிக் கொடுத்த பிறகு இன்னும் மோசமாகி, அது ஆடியன்ஸுக்குப் பிடித்துப்போனதாம்.

இந்த ஆல்பத்தில் கேட்கும் எல்லாக் கரகரப்பும் தற்செயல் என்று நான் சொல்லவில்லை. கன்ஃப்யூஷன்ஸின் 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்' கேளுங்கள். தலைப்பே அந்தக் காலத்து மோஸ்தர்தான். ஆனால் கருவியின் குறைபாடும் கலைஞனின் விருப்பமும் அங்கே ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. வசதியில்லாத பையன் தன்னிடம் இருக்கும் பொருளை வைத்து, தூரத்தில் கேட்ட ஒரு சத்தத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். அவன் தவறவிடும் இடத்தில்தான் இந்த ஆல்பத்தின் நல்ல தருணங்கள் இருக்கின்றன.

பதிவு முறையும் அப்படியே. பீட்டில்ஸ் தங்கள் முதல் எல்.பி.யின் பத்துப் பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், இரண்டு டிராக் டேப்பில், கிட்டத்தட்ட மேடையில் வாசிப்பது போலவே வாசித்து முடித்தார்கள். 1969-க்குள் அவர்கள் எட்டு டிராக், அடுக்கடுக்காகச் சேர்ப்பது என்று எங்கேயோ போய்விட்டார்கள். சிம்லா பீட் காதுக்கு 1963-ன் பக்கத்தில் நிற்கிறது: எல்லாரும் ஒரே அறையில், ஒரே மூச்சில், 'தப்பு வந்தா வரட்டும், போ' என்று வாசித்த மாதிரி. அதனால் பெயரால், நோக்கத்தால், சத்தத்தால் மூன்று வகையிலும் இது ஒரு பீட் ஆல்பம்தான்.

பிடிக்காதவையும் சொல்லணும்

இதெல்லாம் சொல்லிவிட்டு 'ஆகா அற்புதம்' என்று முடித்தால் நேர்மையாக இருக்காது. முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்பது கஷ்டம். மற்றவர் பாட்டுகளை வாசிக்கும் இடங்களில் மூலத்தை விட ஒரு படி கீழேதான் இருக்கிறது. பாடுகிறவர்கள் வரவழைத்துக்கொள்ளும் அமெரிக்க உச்சரிப்பு சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கிறது. ஃபென்டோன்ஸ் கொடுத்திருக்கும் 'சிம்லா பீட் தீம்' பெயரிலேயே சிகரெட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பெயர் வைப்பதிலும் கடன்தான்: இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வெல்வெட் ஃபாக் என்று ஏற்கெனவே ஒரு குழு இருந்தது, பம்பாய்ப் பையன்கள் ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை, மொழி. ஷில்லாங் முதல் மெட்ராஸ் வரை எல்லாரும் பாடுவது இங்கிலீஷில். ஆங்கிலோ இந்தியருக்கு அது வீட்டு மொழி. அங்கே கேள்வியே இல்லை. மற்றவர்களுக்கு அது காலேஜ் மொழி, கிளப் மொழி. தமிழில் ஒரு வரி பாடிப் பார்க்கலாமே என்று இந்த ஆல்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வேலையைச் சினிமா செய்துவிட்டது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் நியூயார்க்கில் போய் இறங்கினார்கள். அதே பிப்ரவரியில் இங்கே 'காதலிக்க நேரமில்லை' ரிலீஸ். ரவிச்சந்திரன் கொட்டகை போட்டு, வேலை கேட்டுக் கோஷம் போடும் அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். விஸ்வநாதன் – ராமமூர்த்தி அதில் மேற்கத்திய ஆட்டத் தாளத்தைத் தமிழ்ப் பேச்சு நடையோடு எப்படிக் கோத்திருக்கிறார்கள்! 1966-ல் வந்த 'அன்பே வா' கதை நடப்பதே சிம்லாவில், அதில் எம்.ஜி.ஆர். ட்விஸ்ட் போட்டி ஆடும் பாட்டு, சிம்லா பீட் தட்டு வருவதற்கு நாலு வருஷம் முந்தியது. எம்.எஸ்.வி.யின் குழுவில் கிடார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட் மாதிரி ஆட்கள் இருந்தார்கள். அதாவது மெட்ராஸில் பீட் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கோடம்பாக்கத்தில் மாசச் சம்பளம் மாதிரி வேலை இருந்தது. தனிக்குழு நடத்தி எல்.பி. போட்டுப் பிழைக்க முடியாது. படப் பாட்டுக்கு வாசித்தால் அடுப்பு எரியும்.

அதனால் தமிழ்நாட்டில் பீட் செத்துப்போகவில்லை. பெயர் இல்லாமல், படத்தின் டைட்டிலில்கூட வராமல், நம் எல்லார் காதிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. கன்ஃப்யூஷன்ஸ் பெயரோடு வாசித்தார்கள், கேட்க ஆள் குறைவு. ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் பெயரில்லாமல் வாசித்தார்கள், கோடிப் பேர் கேட்டார்கள். எது அதிர்ஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

யார் பத்திரப்படுத்துகிறார்கள்?

இந்த மறுவெளியீட்டைக் கேட்டபோது என்னை உறுத்தியது இதுதான். 2022-ல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்தைப் புதுசாகக் கலந்து வெளியிட்டார்கள். 1966-ல் ஒரே டிராக்கில் சேர்த்துப் பதிவான கிடாரையும் பேஸையும் டிரம்ஸையும் கணினி கற்றல் மூலம் தனித்தனியாகப் பிரித்தார்கள். மென்பொருள்காரனாக அதைப் பார்த்து வாய் பிளந்தேன். இலவசமாகக் கிடைக்கும் டெமக்ஸ் என்ற மென்பொருளை என் மடிக்கணினியில் போட்டு, கன்ஃப்யூஷன்ஸ் பாட்டையும் பிரிக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை. சீவின அலை ஸ்பெக்ட்ரம் முழுக்கப் பரவிக் கிடப்பதால், கிடாரின் கரகரப்பில் பாதி டிரம்ஸ் ஜல்லரியோடு போய் ஒட்டிக்கொண்டது. லண்டனில் ஆபி ரோட் ஸ்டுடியோ அறுபது வருஷமாக டேப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது; அதனால்தான் மென்பொருளுக்கு வேலை கிடைத்தது.

இங்கே கதை வேறு. போட்டியை நடத்திய அதே கம்பெனி, இரண்டாவது சிம்லா தட்டின் வருஷமான 1971-லேயே 'ஐ.டி.சி. சங்கீத் சம்மேளன்' என்று இந்துஸ்தானி இசை விழாவைத் தொடங்கியது. 1977-ல் கல்கத்தாவில் அதற்கென்று ஒரு ஆய்வுக் கழகமே வந்தது. நல்ல காரியம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அதே புகையிலைப் பணம் ஒரு பக்கம் கழகம் கட்டியது. இன்னொரு பக்கம் மிஞ்சியது இரண்டு இசைத்தட்டு. 2003 சட்டத்துக்குப் பிறகு சிகரெட் பெயரில் இப்படி ஒரு போட்டி நடத்தவே முடியாது. அதுவும் சரிதான். சிகரெட் விற்பதற்காகவாவது இந்தப் பையன்களின் சத்தம் பதிவானதே என்று நினைக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அங்கிளின் பேண்டுக்கு அதுவும் இல்லை. ஐந்து வருஷம் வாசித்தார்கள். ஒரு நிமிஷம்கூடப் பதிவாகவில்லை. பேஸ் வாசித்தவரும் டிரம்ஸ் வாசித்தவரும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். பேண்டின் ஒரே போட்டோ வீடு வெள்ளை அடித்தபோது எங்கேயோ போய்விட்டதாம். கிடார் விறகு அடுப்புக்குப் போனது. அவருடைய கால் அன்று போட்ட தாளம்தான் மிச்சம்.

ஆல்பத்தைக் கேட்கலாமா என்றால், கட்டாயம் கேளுங்கள். முதலில் 'ப்ராப்பர் ஸ்ட்ரேஞ்சர்', அடுத்து 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்', பிறகு 'சினிஸ்டர் பர்ப்பஸ்'. ஹெட்போன் வேண்டாம். ஒரே ஒரு ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக வைத்து, முடிந்தால் நின்றுகொண்டு கேளுங்கள். ரயில்வே காலனியில் வளர்ந்த உங்கள் மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அங்கிள் யாராவது இருந்தால் கூட உட்காரவையுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ண மறக்காதீர்கள். அன்று நான் மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அங்கிள் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாரிடமிருந்தோ ஒரு கிடார் கடன் வாங்கி வைத்திருக்கிறேன்.